சாப்பாட்டு விளம்பரங்களில் சிரிப்பும் ஆண்–பெண் வேடங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் விளம்பரங்களைப் போட்டுக் காட்டிப் பேசுவது என் வேலையில் ஒரு பகுதி. சோப்பு, பைக், செல்போன் என்று எதைக் காட்டினாலும், பேச்சு சூடுபிடிப்பது சாப்பாட்டு விளம்பரத்தில்தான். ஊர் மாறினாலும் சந்தேகங்கள் பெரிதாக மாறுவதில்லை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் போவதால், வரிசையாகப் படித்தால் நல்லது.

1. விளம்பரம்னா பொருளை விக்கத்தானே? அதுல போய் ஆண், பெண்ணுன்னு எல்லாம் ஏன் பார்க்கணும்?

விற்கத்தான். ஆனால் விற்பதற்குக் கிடைப்பது 30 வினாடி. அதற்குள் இது யார் வீடு, யாருக்கு யார் என்ன உறவு, என்ன பிரச்சினை என்பதெல்லாம் நமக்குப் புரிந்தாக வேண்டும். அதனால் நம் மனதில் ஏற்கெனவே இருக்கும் வேடங்களையே எடுத்துக்கொள்கிறார்கள். அடுப்பு முன்னால் முந்தானையைச் செருகிக்கொண்டு நிற்பவர் அம்மா, சோபாவில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பவர் அப்பா. யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் பார்க்க வேண்டும் என்றால், அந்த வேடங்களுக்குப் பின்னால் நிஜமான உழைப்புக் கணக்கு இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டுவேலை செய்த பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுத்தார்கள். செய்த ஆண்கள் 97 நிமிடம். அந்த வேலையில் கை வைத்தவர்களே பெண்களில் சுமார் 81 சதவீதம், ஆண்களில் சுமார் 26 சதவீதம்தான். இப்படி ஒரு ஏற்பாட்டைப் பாட்டும் சிரிப்புமாக தினமும் பத்து தடவை வீட்டுக்குள் கொண்டுவந்து காட்டினால், அது இயற்கை என்றே பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

2. எல்லா விளம்பரத்திலயும்தான் இது இருக்கு. சாப்பாட்டை மட்டும் ஏன் தனியாப் பிடிச்சுக்கறீங்க?

பைக்கை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வாங்குவோம். சோறு தினமும் மூன்று வேளை. ‘யார் சமைக்கிறது’ என்ற கேள்வி ஒரு வீட்டில் ஓய்வதே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பொட்டலத்தில் வரும் சாப்பாடு அம்மாவின் பெயரைக் கெடுக்குமோ என்ற பயம் விளம்பரக்காரர்களுக்கு எப்போதுமே இருந்திருக்கிறது. மேகி 1983-இல் இந்தியாவுக்கு வந்தபோது விற்றது இரண்டு நிமிட நூடுல்ஸ். தண்ணீர் கொதிக்க வைக்கத் தெரிந்த யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனாலும் விளம்பரத்தில் பிள்ளைகள் பசிக்குது என்று ஓடிவருவார்கள், ‘இரண்டே நிமிஷம்’ என்பார் அம்மா, பரிமாறுவதும் அவர்தான். வேலை குறைந்தாலும் வேலைக்காரர் மாறவில்லை. அவசரச் சமையல் என்ற குற்றவுணர்வைப் பிள்ளைகளின் குறும்பும் சிரிப்பும் கரைத்துவிடும். சாப்பாட்டு விளம்பரத்தில் நகைச்சுவைக்கு இருக்கும் முக்கியமான வேலைகளில் இது ஒன்று.

3. சமையல் தெரியாத அப்பா விளம்பரம் ஆம்பளைங்களைத்தானே கிண்டல் பண்ணுது? அதுல பொம்பளைங்களுக்கு என்ன நஷ்டம்?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். அதனால் அந்த வகை விளம்பரம் ஒன்றை நிதானமாகப் பார்ப்போம். அம்மா ஊருக்குப் போயிருக்கிறார், அல்லது காய்ச்சலில் படுத்திருக்கிறார். அப்பா ஏப்ரனை மாட்டிக்கொண்டு உள்ளே வருகிறார். மிக்ஸி மூடியைப் போட மறக்கிறார், சட்னி கூரைவரை தெறிக்கிறது. உப்பா சர்க்கரையா என்று நக்கிப் பார்க்கிறார். வாணலியில் புகை. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். கடைசி ஐந்து வினாடியில் அம்மா வருகிறார், சிரித்தபடி கரண்டியை வாங்குகிறார், பொட்டலத்தைப் பிரிக்கிறார். அடுத்த காட்சியில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள், அம்மா நின்றுகொண்டு பார்க்கிறார்.

கேலி அப்பா மேல்தான். ஆனால் அந்தக் கேலி அவருக்கு விடுதலைச் சீட்டு. ‘உனக்கு வராது, நகரு’ என்று சொல்லப்பட்டவர் நாளைக்குச் சமைக்க வேண்டியதில்லை. சிரிப்பு அவருடையது, வேலை அம்மாவுடையது. இந்த மாதிரி விளம்பரம் எதைப் பார்த்தாலும் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள் என்று நான் சொல்வதுண்டு: படம் முடியும்போது கரண்டி யார் கையில் இருக்கிறது?

ஆண்களுக்கும் இதில் அவமானம் இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மனைவியை இழந்து தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பாக்கள் உண்டு. விடுதியில் தினமும் தனக்குத்தானே பொங்கிச் சாப்பிடும் பையன்கள் உண்டு. அவர்களைப் பார்த்து ‘உன்னால் முடியாது’ என்று சொல்வதும் கொடுமைதான்.

4. ஆனா வீட்ல நிஜமாவே அம்மாதானே சமைக்கிறாங்க? இருக்கிறதைக் காட்டினா தப்பா?

தப்பில்லை. சமைக்கும் பெண்ணைக் காட்டவே கூடாது என்று விவரம் தெரிந்த யாரும் கேட்பதில்லை. 10-ஆவது பதிலில் வரும் நம் நாட்டு வழிகாட்டுதலும் அதை அனுமதிக்கிறது.

ஆனால் விளம்பரம் இருப்பதை அப்படியே காட்டுகிறதா? பாத்திரம் குவிந்த தொட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? சமைத்து முடித்துப் பசி செத்துப்போய் ஒரு வாய் மோர் குடித்துவிட்டுப் படுக்கும் அம்மாவை? வேர்க்காத, அலுக்காத, பாராட்டு ஒன்றே கூலியாகப் போதும் என்று நிற்கும் பெண்தான் திரையில் வருகிறார். இன்னொன்று, நம் ஊர்க் கல்யாணச் சமையலில் தலைமைச் சமையல்காரர் பெரும்பாலும் ஆண். பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், பிரியாணி மாஸ்டர் எல்லாம் ஆண்கள். கூலி கிடைக்கும் இடத்தில் ஆண் கை நன்றாகவே சமைக்கிறது. விளம்பரத்திலும் வெள்ளைத் தொப்பி போட்ட ஆண் சமையல் நிபுணராக வந்து பேசுவார், அம்மா பாசமாகப் பரிமாறுவார். திறமை அவர் கணக்கில், அன்பு இவர் கணக்கில். இருப்பதைக் காட்டுகிறேன் என்பவர்கள் இந்தப் பிரிவினையையும் கேள்வி கேட்க வேண்டும்.

5. மாமியார் மருமகள் ஜோக்கெல்லாம் நம்ம ஊர்ல காலங்காலமா இருக்கு. மசாலாப் பொடி விளம்பரத்துல வந்தா மட்டும் என்னவாம்?

‘மாமியார் மெச்சிய மருமகளும் இல்லை, மருமகள் மெச்சிய மாமியாரும் இல்லை’ என்ற பழமொழியை வைத்தே எத்தனையோ பொடி விளம்பரங்கள் ஓடியிருக்கின்றன. மருமகள் பயந்து பயந்து சாம்பாரை ஊற்றுவாள். மாமியார் ஒரு வாய் எடுத்துவிட்டு முகத்தை இறுக்கிக்கொள்வார். நாம் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அப்புறம் அவர் முகம் மலரும், பொடியின் பெயர் வரும்.

இதில் எனக்கு உறுத்துவது மாமியாரின் முறைப்பு அல்ல. பரீட்சை எழுதுவதும் ஒரு பெண், மார்க் போடுவதும் ஒரு பெண். நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிற மகன் எந்தப் பரீட்சையும் எழுதுவதில்லை. புகுந்த வீட்டில் ருசியால் எடைபோடப்படும் பயம் நிஜ மருமகள்களுக்கு நிஜமாகவே இருக்கிறது. அந்தப் பயத்தைத் தீர்க்கிறேன் என்று சொல்லி விற்க வேண்டுமானால், பயம் அங்கேயே இருந்தாக வேண்டும்.

6. பழைய விளம்பரமெல்லாம் இதைவிட மோசமாமே? நிஜமா?

நிஜம். 1952-இல் அமெரிக்காவில் சேஸ் அண்ட் சான்பார்ன் காபிக்கு ஒரு பத்திரிகை விளம்பரம் வந்தது. கணவன் மனைவியைத் தன் மடியில் குப்புறப் போட்டு, அடிக்கக் கையை ஓங்கியிருப்பான். புதுக் காபியாகப் பார்த்து வாங்காதது அவள் குற்றம். அதை நகைச்சுவையாகத்தான் போட்டார்கள். அடுத்த வருஷம் அல்கோவா அலுமினிய நிறுவனம் கெட்சப் பாட்டிலுக்கு எளிதாகத் திறக்கும் மூடி ஒன்றை விளம்பரப்படுத்தியது. உதட்டுச்சாயம் போட்ட பெண் பாட்டிலை வியப்போடு பார்ப்பாள், ‘இதை ஒரு பெண்கூடத் திறக்க முடியுமா?’ என்பது வாசகம்.

இவற்றை இன்று காட்டினால் மாணவர்கள் அதிர்ந்துபோகிறார்கள். அன்றைக்கு இவை பெரிய பத்திரிகைகளில் சாதாரணமாக வந்தவை என்பதைத்தான் நான் அவர்களுக்கு அழுத்திச் சொல்வேன்.

7. இதையெல்லாம் எதிர்த்துக் கேக்கறது இப்போ வந்த ஃபேஷன்தானே? சோஷியல் மீடியா வேலை?

இல்லை. 1975-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.நா. அதை சர்வதேசப் பெண்கள் ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த வருஷம் ஜப்பானில் ஹவுஸ் நிறுவனத்தின் உடனடி நூடுல்ஸுக்கு ஒரு டிவி விளம்பரம் வந்தது. பெண் ‘நான் செய்கிறவள்’ என்பாள், ஆண் ‘நான் சாப்பிடுகிறவன்’ என்பான். அவ்வளவுதான். கேட்க இனிமையான, சிரிக்க வைக்கிற இரண்டு வரி.

பெண்கள் அமைப்பு ஒன்று நேராகப் போய் நிறுவனத்திடம் எதிர்ப்பைத் தெரிவித்தது. ‘சிரிக்கத் தெரியாதவர்கள்’ என்கிற மாதிரியான கேலி அவர்கள் மேல் கொட்டியது. இருந்தாலும் அந்த அக்டோபரிலேயே விளம்பரம் நிறுத்தப்பட்டது. டிவியே எல்லா வீட்டுக்கும் வராத காலத்தில் நம் ஊரில் நாம் யோசித்திருக்கவும் மாட்டோம். ஆனால் இரண்டே வரியில் வீட்டு வேலைப் பிரிவினை முழுவதையும் சொல்லிவிட முடிகிறது என்பதை அந்தப் பெண்கள் அப்போதே சரியாகப் பிடித்தார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

8. ‘இது பொண்ணுங்களுக்கு இல்ல’ன்னு சாக்லேட் மேலயே போட்டாங்களாமே? அது சும்மா சீண்டல்தானே?

யார்க்கி என்ற பிரிட்டிஷ் சாக்லேட். கட்டியான பெரிய பார். 2001-இல் நெஸ்லே அதன் உறையிலேயே ‘பெண்களுக்கானது அல்ல’ என்று அச்சிட்டது. பெயரில் இருந்த ஓர் எழுத்துக்குப் பதிலாக, பெண்ணுக்குத் தடை என்று காட்டும் சின்னத்தையும் வைத்தது. பல வருஷம் ஓடியது. 2011-இல் அமெரிக்காவில் டாக்டர் பெப்பர் டென் என்ற பானமும் ‘பெண்களுக்கு அல்ல’ என்றே வந்தது. அதில் 10 கலோரிதான். கலோரி குறைந்த பானம் பெண்களுக்கானது என்ற எண்ணம் இருந்ததால் ஆண்கள் வாங்கக் கூச்சப்பட்டார்கள், அந்தக் கூச்சத்தைப் போக்கத்தான் இந்த வீம்பு.

சீண்டல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாப்பிடுகிற பொருளுக்கு ஆண் பெண் கிடையாது. ஆணுக்கு விற்க வேண்டுமானால் பெண்ணை வெளியே தள்ளிக் காட்ட வேண்டும் என்பதுதான் இரண்டிலும் இருக்கும் தந்திரம். ‘பெண்கள் மாதிரி’ என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்ற பயத்தையும் அது ஆண்களிடம் கிளறிவிடுகிறது.

9. இங்கிலாந்துல ரெண்டு அப்பாவைக் கிண்டல் பண்ணின சீஸ் விளம்பரத்தையே தடை பண்ணிட்டாங்களாம். இது ஓவரா இல்லையா?

2019 ஜூன் 14 முதல் அங்கே ஒரு புது விதி நடைமுறைக்கு வந்தது. தீங்கு விளைவிக்கக்கூடிய அல்லது பலரையும் புண்படுத்தக்கூடிய பாலின வார்ப்புகள், அதாவது ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்ற அச்சுகள், விளம்பரத்தில் இருக்கக்கூடாது. ‘ஜோக்குக்காகச் செய்தோம்’ என்பது பொதுவாகத் தப்பிக்கும் வழி ஆகாது என்றும் அதற்கான வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த ஆகஸ்டில் விதியின்கீழ் முதலில் தடையான இரண்டு விளம்பரங்களில் ஒன்று பிலடெல்பியா சீஸ் விளம்பரம். உணவகத்தில் சாப்பாட்டுத் தட்டுகள் கன்வேயர் பெல்ட்டில் சுற்றிவருகின்றன. இரண்டு புது அப்பாக்கள் சீஸ் தடவிய பலகாரத்தில் சொக்கிப்போய்த் தங்கள் கைக்குழந்தைகளை அந்த பெல்ட்டிலேயே வைத்துவிடுகிறார்கள். குழந்தைகள் தட்டோடு தட்டாகச் சுற்றுகின்றன. பதறி எடுத்துக்கொண்டு, ‘அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்’ என்று ஓர் அப்பா சொல்கிறார். 128 பேர் புகார் கொடுத்தார்கள்.

நிறுவனத்தின் பதிலைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். அம்மாக்களைப் போட்டிருந்தால் ‘குழந்தை வளர்ப்பது பெண் வேலை’ என்று ஆகிவிடும், அதைத் தவிர்க்கத்தான் அப்பாக்களைப் போட்டோம் என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆண்கள் குழந்தையோடு வெளியே வருவதைக் காட்டியதே ஒரு முன்னேற்றம்தான். ஆனால் காட்டிய ஆண்களைக் குழந்தை பார்க்கத் தெரியாதவர்களாகக் காட்டியதால், 3-ஆவது பதிலில் சொன்ன சட்னி அப்பாவின் இடத்துக்கே கதை திரும்பிவிட்டது.

தடை அளவுக்குப் போயிருக்க வேண்டுமா என்பதில் நல்லவர்களே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். விளம்பரம் முழுவதையும்விட எனக்கு உறுத்தியது அந்தக் கடைசி வரிதான். அம்மாவிடம் மறைக்க வேண்டும் என்றால் பொறுப்பு அம்மாவுடையது, அப்பாக்கள் அன்றைக்கு மட்டும் வந்து போகிறவர்கள் என்றாகிறது. அந்த வரியை எடுத்துவிட்டு, ஓர் அப்பாவே சட்டென்று கண்டுபிடித்துக் குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்திருந்தால் சிரிப்பும் மிஞ்சியிருக்கும்.

10. நம்ம நாட்டுல இதுக்குச் சட்டம் எதுவும் கிடையாதா?

உண்டு, பலருக்குத் தெரியாது. 1994-ஆம் வருஷக் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் விளம்பரத்துக்கென ஒரு பகுதி இருக்கிறது. பெண்களை அடங்கிப்போகிறவர்களாகக் காட்டி, குடும்பத்திலும் சமூகத்திலும் இரண்டாம் இடத்தை ஏற்கத் தூண்டும் விளம்பரம் கூடாது என்கிறது அது. எழுத்தில் இது பிரிட்டிஷ் விதியைவிடக் கால் நூற்றாண்டு மூத்தது.

விளம்பரத் துறையே 1985-இல் அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம், 2022 ஜூனில் பாலின வார்ப்புகளுக்குத் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. பெண் வீட்டைச் சுத்தம் செய்வதையோ ஆண் ஆபீஸ் போவதையோ காட்டலாம்; ஆனால் அந்த வேலை அவர்களுக்கு மட்டுமே உரியது, வேறு வழியே இல்லை என்று காட்டக்கூடாது. வழக்கமாகப் பெண்கள் செய்யும் வேலையை ஓர் ஆண் செய்தால் அவனை மட்டம் தட்டக்கூடாது. நம் சட்னி அப்பாவுக்கு நேராகப் பொருந்தும் வரி அது. யார் வேண்டுமானாலும் அவர்கள் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை.

11. பொண்ணை பாஸாவே காட்டினாங்களே, அதையும் ஏன் திட்டினாங்க? என்ன பண்ணினாலும் குறைதானா?

2014-இல் வந்த ஏர்டெல் விளம்பரத்தைச் சொல்கிறார்கள். உணவுப் பொருள் விளம்பரம் இல்லை, ஆனால் கதை முழுக்க ராத்திரிச் சாப்பாடுதான். ஆபீஸில் பெண் அதிகாரி தனக்குக் கீழே வேலை செய்பவரிடம், இன்றைக்கே முடித்தாக வேண்டும் என்று கறாராக வேலை கொடுக்கிறார். வீட்டுக்குப் போய்ச் சமைக்கிறார். அப்புறம்தான் தெரிகிறது, ஆபீஸில் மாட்டிக்கொண்டவர் அவர் கணவர். போனில் சாப்பாட்டைக் காட்டி சீக்கிரம் வரச் சொல்கிறார்.

சிலருக்கு அது அழகான காதல் கதை. வேறு சிலர், நாள் முழுக்க நிர்வாகம் செய்த பெண் வீட்டுக்கு வந்தும் அடுப்படிக்குத்தான் போக வேண்டுமா என்று கேட்டார்கள். ஆசையாகச் சமைப்பது அவர் விருப்பமாக இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் பதவி உயர்ந்தாலும் கரண்டி கைமாறுவதில்லை என்ற ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம் என்ற அலுப்பு நியாயமானது.

12. அப்போ ஆணையும் பெண்ணையும் அப்படியே இடம் மாத்திப் போட்டா சரியாயிடுமா?

எதை மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. 1990-களில் கேட்பரி டெய்ரி மில்க் விளம்பரம் ஒன்று நாடு முழுக்கப் பிரபலம். காதலன் சிக்ஸர் அடித்ததும், கையில் சாக்லேட்டோடு இருந்த பெண் காவலாளியைத் தாண்டி மைதானத்துக்குள் ஆடிக்கொண்டே ஓடுவாள். சாக்லேட் குழந்தைகளுக்கு மட்டும்தான் என்ற நினைப்பை அது உடைத்தது. 2021 செப்டம்பரில் அதையே திருப்பி எடுத்தார்கள். அடிப்பது பெண், ஆடிக்கொண்டு ஓடுவது அவள் காதலன். இந்த மாற்றம் பலித்தது. ஏனென்றால் இரண்டிலும் ஓடி ஆடுகிறவர் கேலிப்பொருள் இல்லை. அவர் சந்தோஷத்தில் நாமும் சேர்ந்துகொள்கிறோம்.

சட்னி அப்பாவின் இடத்தில், பஞ்சர் ஒட்டத் தெரியாமல் விழிக்கும் அம்மாவை வைத்தால் எதுவும் மாறாது. 2014-இல் ஹேவல்ஸ் வீட்டுச் சாதனங்களுக்கு வந்த விளம்பர வரிசையில் ஒன்று எனக்குப் பிடிக்கும். நல்ல காபிக்காக மகனுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கப் பார்க்கும் அம்மாவிடம், பெண் பார்க்கப்பட்டவள் காபி மேக்கரைக் கொண்டுவந்து கொடுத்து, இதையே கட்டிக்கொள்ளச் சொல்லிவிடுவாள். சமைக்க ஆள் வேண்டும் என்பதற்காகப் பெண் தேடும் வழக்கத்தின் மேலேயே சிரிப்பு விழுகிறது.

13. இவ்வளவு பார்த்தா சிரிக்கவே முடியாதே. யாரையும் காயப்படுத்தாம சாப்பாட்டு விளம்பரத்துல காமெடி பண்ண முடியுமா?

தாராளமாக. 1970-களில் பிரிட்டனில் ஸ்மாஷ் என்ற உடனடி உருளைக்கிழங்கு மசியலுக்கு வந்த விளம்பரத்தில் செவ்வாய்க் கிரக இயந்திரப் பொம்மைகள்தான் கதாபாத்திரங்கள். பூமிக்காரர்கள் கிழங்கைத் தோல் சீவுகிறார்களாம், 20 நிமிடம் வேகவைக்கிறார்களாம், அப்புறம் நசுக்குகிறார்களாம் என்று ஒன்று அறிக்கை வாசிக்க, மற்றவை விழுந்து விழுந்து சிரிக்கும். தோல் சீவுவது அம்மாவா அப்பாவா என்ற பேச்சே இல்லை. அந்த வேலையின் அலுப்பைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம், அதைச் செய்கிறவரைப் பார்த்து அல்ல. இந்த வித்தியாசத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் நாட்டில் 1990-களில் வந்த தாரா எண்ணெய் விளம்பரத்தைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். கோபித்துக்கொண்டு ரயில் நிலையத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் குட்டிப் பையன், வீட்டில் ஜிலேபி என்று கேட்டதும் தடுமாறும் அந்த முகம். ஜிலேபி சுட்டது அம்மாதான், 4-ஆவது பதிலில் சொன்னதுபோல அது குற்றமில்லை. அங்கே சிரிப்பு ஒரு குழந்தையின் ரோஷத்துக்கும் நாக்குக்கும் நடக்கிற சண்டையில் இருக்கிறது, யாருடைய இயலாமையிலும் இல்லை.

14. வீட்ல பிள்ளைங்ககூட டிவி பார்க்கும்போது இதை எப்படிப் பேசறது? பாடம் எடுத்தா எழுந்து போயிடறாங்க.

பாடம் எடுக்காதீர்கள். ஒரு விளம்பரத்தைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடப் பதில் தெரியும், சொல்லிவிட்டு நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையையும் ஒரு பார்வை பார்க்கும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளாக இருந்தால், அதே பொருளுக்கு வேறு விளம்பரம் யோசிக்கச் சொல்லுங்கள். விடுதி அறை, தாத்தா பேத்தி, இரண்டு அண்ணன் தம்பிகள் என்று அவர்களே அடுக்குவார்கள்.

அப்புறம், மகன் முதல்முதலாகத் தோசை ஊற்றி அது பிய்ந்துபோனால், வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிச் சிரிக்காதீர்கள். அடுத்த தோசையையும் அவனையே ஊற்றச் சொல்லுங்கள்.